ஏ.ஆர்.டி மையத்தில் மனநல சிகிச்சை: சென்னையில் எந்த வழி எடுபடும்?

எச்.ஐ.வி மாத்திரை வாங்க வருபவரின் மனநிலையையும் அதே இடத்தில் கவனிக்க வேண்டும் என்று சொன்னால் இன்று யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பான யுஎன்எய்ட்ஸின் 2021–2026 உலகத் திட்டத்தில் அது ஓர் இலக்காகவே இருக்கிறது. 2022-ல் உலக சுகாதார நிறுவனமும் யுஎன்எய்ட்ஸும் சேர்ந்து இதற்கென்றே ஒரு வழிகாட்டியும் வெளியிட்டன. பேச்சு சிக்குவது அடுத்த படியில்தான். யார் செய்வது, எந்த அறையில், யார் கொடுக்கும் சம்பளத்தில்?

சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையின் ஏ.ஆர்.டி மையத்தை, அதாவது எச்.ஐ.வி மாத்திரை கொடுக்கும் மையத்தை, எடுத்துக்கொள்வோம். அதற்கு உதவ ஓர் அறக்கட்டளை முன்வருகிறது. ஒன்றிரண்டு பேருக்கு மூன்று வருடம் சம்பளம் கொடுக்கும் அளவுக்குப் பணம் உண்டு, அதற்கு மேல் இல்லை. அதை எதில் போடுவது? எனக்கு இதில் தீர்மானமான கருத்து இருக்கிறது. அதை மறைத்துக்கொண்டு எல்லா வழிக்கும் சமமாக நியாயம் பேசப் போவதில்லை.

முதலில் கொஞ்சம் பழைய கதை, ஏனென்றால் இது சென்னைக்குப் புதிய விஷயம் இல்லை. 1986-ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் அவருடைய மாணவி நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் எச்.ஐ.வி இருப்பது முதன்முதலாகத் தெரியவந்தது. 1993-ல் சுனிதி சாலமன் எச்.ஐ.வி உள்ளவர்களைக் கவனிக்க ஒய்.ஆர்.ஜி கேர் அமைப்பைத் தொடங்கினார். தாம்பரம் சானடோரியத்தின் காசநோய் வார்டுகளில் எச்.ஐ.வி நோயாளிகள் நிறையத் தொடங்கியதும் தொண்ணூறுகளில்தான். அந்தக் காலத்தில் சாதாரண மக்களுக்குக் கொடுக்க மாத்திரை கிடையாது. உட்கார்ந்து பேசுவதுதான் பெரும்பாலும் கைவசம் இருந்தது. 2004 ஏப்ரல் 1 அன்று அரசு இலவச ஏ.ஆர்.டி-யைத் தொடங்கியபோது முதல் எட்டு மையங்களில் தாம்பரமும் ஒன்று. மாத்திரை வந்தது, உயிர்கள் பிழைத்தன. ஆனால் மையத்தில் நோயாளிக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலரின் பேச்சு மெல்ல மெல்ல ஒரே கேள்விக்குள் சுருங்கிப் போனது: மாத்திரையை விடாமல் போடுகிறீர்களா?

அந்தக் கேள்விக்குப் பெரும்பாலானோர் "போடறேன்" என்றுதான் சொல்வார்கள். மனச்சோர்வில் இருப்பவரும் அதையேதான் சொல்வார். ராத்திரி தூக்கம் இல்லாமல், காலையில் எழுந்திருக்க மனசில்லாமல், வாரத்தில் இரண்டு மூன்று நாள் மாத்திரையைத் தொடாமல் விடுபவரின் நிலவரம், ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று பார்க்கும் வைரல் லோடு பரிசோதனையில்தான் வெளிப்படும். சிகிச்சை நிலைப்பட்டவர்களுக்கு அந்தப் பரிசோதனை வருடத்துக்கு ஒரு தடவை. அதாவது, மனசு கெட்டது ஆடி மாதம் என்றால் ரத்தம் அதைச் சொல்வது அடுத்த சித்திரையாகக்கூட இருக்கலாம். நன்றாக இருப்பவர்களுக்கு மூன்று மாத மாத்திரையை மொத்தமாகக் கொடுப்பது இப்போது வழக்கமாகியிருக்கிறது. நோயாளிக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் கவுன்சிலர் அவர் முகத்தைப் பார்ப்பதே வருடத்துக்கு நாலு தடவைதான்.

மனச்சோர்வுக்குக் காரணமும் ஒன்றல்ல. பாசிட்டிவ் என்று தெரிந்த அதிர்ச்சி, வீட்டில் சொல்லாமல் மறைப்பது, கணவரை இழந்தது, குடி என்று ஒரு பக்கம். மறுபக்கம் உடம்பு: வைரஸே மூளையைப் பாதிக்கும். முன்பு பெரும்பாலானோருக்குக் கொடுத்த எஃபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி மருந்து பயங்கரக் கனவுகளையும் தலைசுற்றலையும் சிலருக்கு மனச்சோர்வையும் கொண்டுவந்தது. இப்போதைய டொலுடெக்ராவிர் எவ்வளவோ மேல் என்றாலும் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். காசநோய் வராமல் தடுக்கக் கொடுக்கும் ஐசோனியசிட் அரிதாக மனப்பிறழ்வையே உண்டாக்கும். அதனால் மனசைப் பார்ப்பவரும் மாத்திரையைப் பார்ப்பவரும் ஒருவருக்கொருவர் தெரியாதவர்களாக இருந்தால் சரிவராது. கீழே ஒவ்வொரு வழியையும் நான் எடை போடுவது முக்கியமாக இந்த ஒரு காரணத்தை வைத்துத்தான்.

சீட்டு எழுதி அனுப்புவது

இப்போது நடைமுறையில் இருப்பது பெரும்பாலும் இதுதான். காகிதத்தில் பார்த்தால் சென்னைக்கு இதைவிடப் பொருத்தமான வழியே இல்லை. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி என்று ஏ.ஆர்.டி மையமும் மனநலத் துறையும் ஒரே வளாகத்தில் இருக்கும் இடங்கள் உண்டு. போதாதற்கு 1794-ல் தொடங்கிய அரசு மனநலக் காப்பகம் கீழ்ப்பாக்கத்தில் இருக்கிறது. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் ஒரு மாவட்டத்துக்கே மனநல மருத்துவர் கிடையாது. அங்கே எழுதப்பட்ட திட்டங்களை அப்படியே இங்கே இறக்கும்போது இந்த வித்தியாசத்தை மறந்துவிடுகிறார்கள். நமக்கு மருத்துவருக்குப் பஞ்சம் குறைவு. ஆனால் நோயாளி அங்கே வரை போய்ச் சேர்வதில்லை.

வியாசர்பாடியிலிருந்து வரும், வீட்டு வேலை செய்யும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். ஏ.ஆர்.டி மையத்துக்கு வர ஒரு நாள் லீவு சொல்லியாயிற்று. சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, சரி. அன்றைய கூலி? அதை யாரும் தருவதில்லை. மாத்திரை வாங்கி முடிக்கவே பகல் ஆகிவிடுகிறது. இப்போது கையில் இன்னொரு சீட்டு: மனநல ஓபி, வேறு கட்டடம், வேறு வரிசை, அதுவும் காலையில்தான். இன்னொரு நாள் வர வேண்டும், இன்னொரு நாள் கூலி போக வேண்டும், வேலை கொடுக்கும் வீட்டில் இன்னொரு பொய் சொல்ல வேண்டும். அங்கே போனால் தனக்கு என்ன என்பதை முதலிலிருந்து சொல்ல வேண்டும், பக்கத்தில் நிற்பவர் காதில் விழும்படி. சென்னையில் கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரையே கிண்டலுக்குப் பயன்படுத்துகிறோம். அங்கே போகச் சொல்லிச் சீட்டு கொடுத்தால், "எனக்குப் பைத்தியம்னு சொல்றாங்க" என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். ஏற்கெனவே ஒரு ரகசியத்தைச் சுமப்பவர் இரண்டாவதையும் சுமக்கத் தயாராக இல்லை என்றால் அவரைக் குறை சொல்ல முடியுமா?

ரகசியம் பற்றிச் சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி, எய்ட்ஸ் சட்டத்தின் எட்டாவது பிரிவு, ஒருவருடைய நிலையை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது என்கிறது. சிகிச்சைக்குத் தேவையென்றால் ஒரு மருத்துவ ஊழியர் சிகிச்சையில் சேர்ந்திருக்கும் இன்னொரு மருத்துவ ஊழியருக்குச் சொல்லலாம். ஆனால் சீட்டு மருத்துவரிடமிருந்து மருத்துவருக்குப் பறப்பதில்லை. இடையில் வார்டு பாய், கவுண்டர், வரிசையில் எட்டிப் பார்க்கும் கண்கள் எல்லாம் உண்டு. அதனால் சில கவுன்சிலர்கள் சீட்டில் எச்.ஐ.வி என்று எழுதாமலே அனுப்புவார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் அதில் வேறு ஆபத்து இருக்கிறது. வலிப்புக்கும் மனநிலை ஏற்றத்தாழ்வுக்கும் கொடுக்கும் கார்பமசெபின் ரத்தத்தில் டொலுடெக்ராவிரின் அளவைக் குறைத்துவிடும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் டொலுடெக்ராவிரை ஒரு நாளைக்கு இரண்டு வேளையாக்க வேண்டும். நோயாளி ஏ.ஆர்.டி எடுப்பதே தெரியாத மனநல மருத்துவர் இதை எப்படி யோசிப்பார்?

இவ்வளவு சொன்ன பிறகும் இந்த வழியை மூடிவிடச் சொல்லவில்லை. குரல் கேட்கிறது என்பவர், நாலு நாள் தூங்காமல் துள்ளிக்கொண்டிருப்பவர், குடியை நிறுத்தியதும் கை நடுங்கி மனம் குழம்புபவர், தற்கொலைக்கு முயன்று தப்பியவர் ஆகியோருக்கு மனநலத் துறையின் வார்டுதான் இடம். தற்கொலைக்கு முயன்றவரை, கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. "போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ" என்று தயங்கும் குடும்பத்துக்கு இதைச் சொல்ல வேண்டியது ஏ.ஆர்.டி மையத்தின் வேலை. ஆனால் இவர்கள் எண்ணிக்கையில் குறைவு. மற்றவர்களுக்கு, சீட்டு எழுதுவது கோப்பை மூடும் வழியாகவே முடிகிறது. செலவு ஏதும் இல்லாததால் நிர்வாகத்துக்கு இது பிடித்த வழியும்கூட.

மருத்துவரை இங்கே வரவைப்பது

வாரத்தில் ஒரு நாள் மனநல மருத்துவர் ஏ.ஆர்.டி மையத்துக்கே வந்து உட்காருவது அடுத்த யோசனை. அதே வரிசை, அதே அறை, அதே கோப்பு. பக்கத்து நாற்காலியில் ஏ.ஆர்.டி மருத்துவர் இருப்பதால் மாத்திரைகள் மோதிக்கொள்ளும் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். அறக்கட்டளைக்காரர்களுக்கு இது உடனே பிடிக்கும். பெயர்ப் பலகை வைக்கலாம், புகைப்படம் எடுக்கலாம்.

சிக்கல் கிழமையில் இருக்கிறது. மருத்துவர் வருவது செவ்வாய், நோயாளியின் தேதி வியாழன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருபவரின் தேதியும் மருத்துவரின் கிழமையும் ஒன்றாக விழ வேண்டும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வருபவர் பெரும்பாலும் முதுநிலை மாணவராக இருப்பார். அவர் சுழற்சியில் மாறிக்கொண்டே இருப்பார். போன தடவை யாரிடம் அழுதோமோ அவர் இந்தத் தடவை இல்லை. மேலும், லேசான மனச்சோர்வுக்கும் நடுத்தரமான மனச்சோர்வுக்கும் தேவைப்படுவது பெரும்பாலும் தொடர்ந்த பேச்சு, வாராவாரம் ஒரு சின்ன வேலை, ஒரு விசாரிப்பு. அதற்கு ஒரு எம்.டி தேவையில்லை. ஒரு காலைப் பொழுதில் அவர் இருபது பேரைப் பார்த்தால் ஒவ்வொருவருக்கும் மாத்திரை எழுதத்தான் நேரம் இருக்கும்.

என் கணக்கில் இவருக்கு இடம் உண்டு, ஆனால் முதல் இடம் இல்லை. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை வந்தாலே போதும். மருந்து தேவைப்படுபவர்களைப் பார்க்கட்டும். பிறகு ஒரு மணி நேரம் மையத்தின் ஆட்களோடு உட்கார்ந்து சிக்கலானவர்களைப் பற்றிப் பேசட்டும். அதற்கு அறக்கட்டளைப் பணம் வேண்டாம். துறைத் தலைவரிடமிருந்து ஓர் உத்தரவு போதும்.

இருக்கிற கவுன்சிலருக்கே பயிற்சி

ஆராய்ச்சிகள் அதிகம் பேசுவது இந்த வழியைத்தான். ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006-ல் தொடங்கிய திட்டத்தில், பயிற்சி பெற்ற பாட்டிமார்கள் சுகாதார நிலையத்தின் வெளியே ஒரு மர பெஞ்சில் உட்கார்ந்து, வருபவரோடு ஆறு தடவை வரை பேசி, ஒரு பிரச்சினையைத் தேர்ந்தெடுத்துத் தீர்க்க உதவுகிறார்கள். 573 பேரை வைத்துச் செய்த ஒப்பீட்டு ஆய்வு 2016-ல் வெளியானது. அதில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் எச்.ஐ.வி உள்ளவர்கள். பெஞ்சில் உட்கார்ந்தவர்களின் மனச்சோர்வு மற்றவர்களைவிடத் தெளிவாகக் குறைந்தது. நம் நாட்டிலேயே கோவாவில் விக்ரம் படேலின் குழு, மருத்துவப் பட்டம் இல்லாத ஆலோசகர்களை ஆரம்ப சுகாதார நிலையங்களில் வைத்துப் பார்த்தது. 2010-ல் வெளியான முடிவின்படி அரசு நிலையங்களில் பலன் இருந்தது, தனியார் கிளினிக்குகளில் அப்படித் தெரியவில்லை. ஆக, பட்டம் இல்லாதவரும் இதைச் செய்ய முடியும், அதுவும் அரசு இடத்தில் செய்ய முடியும் என்பதில் சந்தேகம் இல்லை.

ஆனால் தென்னாப்பிரிக்காவில் ஏ.ஆர்.டி வாங்குபவர்களிடையே இதே போன்ற திட்டத்தை ஒப்பிட்டுப் பார்த்தபோது, திட்டம் இருந்த கிளினிக்குக்கும் இல்லாத கிளினிக்குக்கும் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. மனச்சோர்விலும் இல்லை, வைரல் லோடிலும் இல்லை. ஜிம்பாப்வே கதையைச் சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை. என் வாசிப்பு இதுதான்: ஜிம்பாப்வேயின் பாட்டிக்கு அந்த நேரத்தில் வேறு வேலை இல்லை, பெஞ்சில் உட்காருவதுதான் வேலை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஊழியரின் தலையில் இன்னொரு படிவத்தை வைப்பது வேறு விஷயம்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு நாளில் நூறு பேர் வருகிறார்கள், இரண்டு கவுன்சிலர்கள், ஐந்து மணி நேரம் என்று கொண்டால் ஒருவருக்கு ஆறு நிமிடம். அதற்குள் மாத்திரை எண்ண வேண்டும், அடுத்த தேதி எழுத வேண்டும், வீட்டில் மற்றவர்கள் பரிசோதனை செய்தாயிற்றா என்று கேட்க வேண்டும், வராமல் போனவர்களுக்குப் போன் போட வேண்டும், பதிவேடு நிரப்ப வேண்டும். மனச்சோர்வை அளக்கும் பிஹெச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தைப் பொறுமையாகக் கேட்டால் அதற்கே அஞ்சு நிமிடம் ஆகும். இரண்டு நாள் பயிற்சி, ஒரு சான்றிதழ், ஒரு கோப்பு என்று கொடுத்துவிட்டு "இனி மனநலமும் நீங்கதான் பார்த்துக்கணும்" என்றால் என்ன நடக்கும்? படிவம் நிரம்பும். எல்லோருக்கும் பூஜ்யமும் ஒன்றுமாக நிரம்பும். கவுன்சிலரின் மனநிலை பற்றி யாரும் கேட்கவும் மாட்டார்கள். ஒப்பந்தச் சம்பளத்தில் வருடக்கணக்காக மற்றவர்களின் துக்கத்தைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்.

எனவே பயிற்சி என்ற வழிக்குப் பணம் கொடுப்பதாக இருந்தால் அதோடு ஒரு நிபந்தனையும் வேண்டும்: கவுன்சிலரிடமிருந்து எந்த வேலையை எடுத்துவிடப் போகிறீர்கள்? பதில் இல்லையென்றால் அந்தப் பயிற்சிக்குச் செலவழிக்காதீர்கள்.

தோழமை ஆதரவு

எச்.ஐ.வி-யோடு வாழ்பவரே இன்னொருவருக்குத் துணையாக இருப்பது இந்த வழி. இதில் சென்னைக்குச் சொந்தமான ஒரு பலம் இருக்கிறது. எச்.ஐ.வி-யோடு வாழ்பவர்களின் இந்திய வலைப்பின்னல் 1997-ல் தொடங்கியது இங்கேதான். அடுத்த வருடம் கௌசல்யா பெரியசாமியும் தோழிகளும் சேர்ந்து பாசிட்டிவ் பெண்களுக்கான வலைப்பின்னலைத் தொடங்கினார்கள். அதே 1998-ல் பாலியல் சிறுபான்மையினருக்கான சகோதரன் அமைப்பும் சென்னையில் தொடங்கியது. பல ஏ.ஆர்.டி மையங்களில் இன்றும் பாசிட்டிவ் நபர் ஒருவரே ஒருங்கிணைப்பாளராக இருப்பதைப் பார்க்கலாம். புதிதாகத் தெரிந்து உடைந்துபோய் வருபவரிடம் "நானும் இருபது வருஷமா மாத்திரை சாப்பிடறேன், என் பொண்ணு காலேஜ் போறா" என்று ஒருவர் சொன்னால் அதற்கு ஈடான வசனம் எந்த மருத்துவரிடமும் கிடையாது.

குழுவாகச் செய்தாலும் பலன் உண்டு என்பதற்கு உகாண்டாவில் சான்று இருக்கிறது. எதெல்ட்ரெடா நகிமுலி-ம்புங்குவின் குழு, வடக்கு உகாண்டாவில் எச்.ஐ.வி-யும் மனச்சோர்வும் உள்ளவர்களுக்குச் சாதாரணச் சுகாதாரத் தொண்டர்களைக் கொண்டு குழு சிகிச்சை நடத்தியது. 2020-ல் வந்த முடிவு மிகவும் சாதகமாக இருந்தது. அந்தக் குழுக்களில் பேச்சோடு வருமானம் தேடும் திறன்களும் கற்றுக்கொடுத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கடன் கழுத்தை நெரிக்கும்போது மூச்சுப் பயிற்சி சொல்லித்தருவது ஒரு மாதிரி கேலிதான்.

சென்னையில் குழு என்றால் எந்தக் குழு என்பதுதான் கேள்வி. கணவரை இழந்து பிள்ளைகளை வளர்த்த ஐம்பது வயதுப் பெண்களுக்கு ஒரு குழு எளிதாக அமையும். அவர்கள் ஏற்கெனவே ஒருவரையொருவர் அறிவார்கள். திருநங்கையருக்கு அதே அறையில் அதே நேரத்தில் இடம் இருக்குமா? தெரிந்தவர் யாராவது வந்துவிடுவார்களோ என்று வாசலிலேயே திரும்பிப் போகும் ஐ.டி கம்பெனி இளைஞனுக்கு? எனக்கு அதிகக் கவலை தருபவர்கள் பிறவியிலேயே தொற்றோடு வந்து இப்போது இருபதுகளில் இருப்பவர்கள். சின்ன வயதில் இனிப்பு மாதிரி கொடுக்கப்பட்ட மாத்திரை எதற்கு என்பதே பதின்வயதில்தான் அவர்களில் பலருக்குத் தெரிந்தது. அப்பா அம்மா இல்லை, பாட்டி வளர்த்தார், இப்போது பாட்டியும் இல்லை. காதல் வருகிறது, சொல்வதா வேண்டாமா என்று தெரியவில்லை. மாத்திரையை நிறுத்துவதுதான் அவர்களுடைய கோபத்தைக் காட்டும் ஒரே வழி. ஐம்பது வயதுக்காரர்களின் குழுவில் இவர்களை உட்காரவைத்தால் அறிவுரைதான் கிடைக்கும், ஓடிவிடுவார்கள். இவர்களுக்கு இவர்கள் வயதில் ஒரு தோழர் வேண்டும், சனிக்கிழமை சாயங்காலம் வேண்டும், மருத்துவமனை வாசனை இல்லாத இடம் வேண்டும்.

தோழமைக்கும் எல்லை உண்டு. ஒரே பேட்டையில் இருப்பவர்களிடம் ரகசியம் கசியும் என்ற பயம் நியாயமானது. தற்கொலை எண்ணம் சொல்பவரைத் தாங்கும் பாரம் சம்பளம் இல்லாத ஒரு தொண்டர் மீது விழக் கூடாது. போக்குவரத்துச் செலவு மட்டும் கொடுத்துவிட்டுத் தோழர்களை வேலை வாங்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்.

போன் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் எண் 14416-ல் தமிழில் பேசலாம், நாள் முழுக்க இயங்குகிறது. எச்.ஐ.வி சந்தேகங்களுக்கு 1097 இருக்கிறது. சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் சினேகாவும் உண்டு. ராத்திரி பதினொரு மணிக்கு வரும் நெருக்கடிக்கு ஏ.ஆர்.டி மையம் திறந்திருக்காது, அப்போது இவைதான் துணை. ஆனால் ஒற்றை அறை வீட்டில் மாமியாரும் பிள்ளைகளும் தூங்கும்போது எங்கே நின்று பேசுவது என்ற கேள்வியும் இருக்கிறது. எண்களை அட்டையில் அச்சிட்டுக் கொடுப்பதற்குச் செலவு அதிகமில்லை. அட்டையில் எச்.ஐ.வி என்ற எழுத்து இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

நான் பணம் போடுவது எங்கே

ஏ.ஆர்.டி மையத்துக்குள்ளேயே மனநலத்துக்கென்று மட்டும் ஒருவர். எம்.எஸ்.டபிள்யூ (சமூகப் பணி) அல்லது உளவியல் படித்தவர், சென்னையில் இத்தகையவர்களுக்குப் பஞ்சமில்லை. மாத்திரை எண்ணுவது, வராதவர்களைத் தேடுவது, பதிவேடு எதுவும் அவர் தலையில் விழக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். இல்லையென்றால் ஆறு மாதத்தில் அவரும் இன்னொரு கவுன்சிலர் ஆகிவிடுவார். கோவாவில் அதே குழு பிற்பாடு செய்த மாதிரி ஆறு முதல் எட்டு சந்திப்புகள் வரை பேசுவது, தேவைப்பட்டால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வரும் மருத்துவரிடம் காட்டுவது, கடுமையானால் கூடவே நடந்துபோய் மனநலத் துறையில் சேர்ப்பது அவருடைய வேலை. கடைசியாகச் சொன்ன அந்த நடைக்கு நான் அதிக மதிப்புக் கொடுக்கிறேன். சீட்டு கொடுத்து அனுப்பினால் போகாதவர், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனால் போவார்.

இரண்டாவது சம்பளம் இருந்தால் பாசிட்டிவ் தோழர் ஒருவருக்கு, முழுநேரமாக, இருபதுகளில் இருப்பவர்களுக்காக.

ஏன் மற்ற வழிகளைவிட இது மேல்? மருத்துவர் இல்லாமல் இந்த வேலை ஓரளவு நடக்கும். கவுன்சிலர் இல்லாமலும் ஓரளவு நடக்கும். ஆனால் "போன வாரம் தூக்கம் இல்லைன்னு சொன்னீங்களே, இப்ப எப்படி இருக்கு?" என்று இரண்டாவது முறை கேட்க ஒருவர் இல்லாமல் எதுவும் நடக்காது. மேலே சொன்ன எல்லா வழிகளிலும் முதல் முறை கேட்க ஆள் இருக்கிறது. இரண்டாவது முறை கேட்பது யார் பொறுப்பு என்பது எதிலும் இல்லை.

அப்புறம், ஆள் வந்து சேரும் முன்பு படிவத்தைத் தொடங்கிவிடாதீர்கள். பிஹெச்க்யூ-9-ன் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போகலாம் என்ற எண்ணம் வருகிறதா என்பது. அதற்கு ஆமாம் என்று பதில் வந்தால் அன்று மதியத்துக்குள் யாராவது அவரோடு தனியாக உட்கார வேண்டும். உட்கார ஆள் இல்லாத இடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்பது தப்பு. ஆள் வந்த பிறகும் எல்லோருக்கும் ஒன்பது கேள்வி வேண்டாம். காத்திருக்கும் வரிசையில் முதல் இரண்டு கேள்விகள் போதும்: எதிலும் ஆர்வம் இல்லையா, மனம் சோர்ந்திருக்கிறதா. அதில் சிக்குபவர்களுக்கு மட்டும் தனி அறையில் மீதி. எழுத்துத் தமிழில் வாசித்துக் காட்டினால் ஆண்கள் பெரும்பாலும் "அதெல்லாம் இல்லீங்க" என்பார்கள். தூக்கம், பசி, தலைவலி, குடி என்று தொடங்கினால் பேச்சு தானாக அங்கே வரும்.

மருந்தில் ஒரு நிர்வாகச் சிக்கல் இருக்கிறது. எச்.ஐ.வி மருந்து மத்திய அரசின் எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாகோ வழியாக வருகிறது. மற்ற மருந்துகள் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் வழியாக மருத்துவமனையின் பொது மருந்தகத்துக்கு வருகின்றன. ஃப்ளூஆக்சடினும் செர்ட்ராலினும் டொலுடெக்ராவிரோடு பெரிதாக மோதாத, மலிவான மனச்சோர்வு மருந்துகள். ஆனால் ஏ.ஆர்.டி ஜன்னலில் கிடைக்காது என்றால் நோயாளி மறுபடி அந்த இன்னொரு வரிசைக்குத்தான் போக வேண்டும். இந்த இரண்டு மருந்துகளையும் ஏ.ஆர்.டி மருந்தகத்திலேயே வைக்கக் கண்காணிப்பாளரிடம் அனுமதி வாங்குவது, எனக்குத் தெரிந்தவரை, மொத்தத் திட்டத்தில் பணமே தேவைப்படாத, ஆனால் அதிக அலைச்சல் பிடிக்கும் வேலை. இன்னொன்று: மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும், அதற்குள் வாய்க் கசப்பு, குமட்டல் என்று நிறுத்திவிடுவார்கள். அவருடைய அடுத்த தேதியோ மூன்று மாதம் கழித்து. நடுவில் இரண்டு தடவை அந்தப் புது ஊழியர் போன் போட வேண்டும், எந்த நேரத்தில், எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்று முன்பே கேட்டு வைத்துக்கொண்டு.

புறநகரில் ஐம்பது அறுபது பேர் மட்டும் மாத்திரை வாங்கும் இணைப்பு மையங்களுக்கு இந்தத் திட்டம் பொருந்தாது. அங்கே முழுநேர ஆள் வைப்பது வீண். பெரிய மையத்தில் இருக்கும் அதே ஊழியர் மாதத்தில் ஒரு நாள் போய்வந்து, மீதியைப் போனில் பார்த்துக்கொள்வது போதும்.

கணக்குக் கேட்கும் அறக்கட்டளைக்கு, எத்தனை பேரிடம் படிவம் நிரப்பினோம் என்ற எண்ணைக் கொடுக்காதீர்கள். பிஹெச்க்யூ-9-ல் பத்து மதிப்பெண்ணும் அதற்கு மேலும் வந்தவர்களில் எத்தனை பேரோடு இரண்டு வாரத்துக்குள் மறுபடி பேசினோம், மூன்று மாதத்தில் எத்தனை பேருக்கு மதிப்பெண் பாதியாகக் குறைந்தது என்ற இரண்டையும் கொடுங்கள். முதல் வருடம் இந்த எண்கள் அழகாக இருக்காது. பரவாயில்லை. மூன்றாம் வருடம் முடியும்போது அந்தச் சம்பளத்தை மாவட்ட மனநலத் திட்டம் ஏற்குமா, மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் ஏற்குமா என்ற கேள்வியை மட்டும் கடைசிக் கூட்டத்துக்குத் தள்ளிவைக்காமல், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே இரண்டு அலுவலகங்களையும் ஒரே மேஜையில் உட்காரவைத்துக் கேட்டு, எழுத்தில் வாங்கிவிடுங்கள்.